பதினாறு வயதுப் பையன் பறிப்பு வழக்கில் மாட்டினால் என்ன நடக்கும்?

உங்கள் கேள்வியில் நான் புரிந்துகொண்டது இது. அக்கா மகன், வயது பதினாறரை. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். இருபது வயதைத் தாண்டிய இரண்டு பேரோடு பைக்கில் போயிருக்கிறான். தெருவில் நடந்து போனவரின் செல்போனைப் பறித்ததாக இன்று மதியம் மூன்று பேரையும் பிடித்திருக்கிறார்கள். ஜெயிலில் போடுவார்களா, பின்னால் வேலை கிடைக்குமா, "ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்டுடுவாங்க" என்கிறார்களே, அதைச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஜெயிலில் போட முடியாது. போலீஸ் லாக்கப்பிலும் வைக்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாத யாரையும் எந்தக் குற்றத்துக்காகவும் இந்த இரண்டு இடங்களிலும் வைக்கக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். சிறார் வழக்குகளை விசாரிக்கும் மூன்று பேர் கொண்ட அமைப்பு அது. விலங்கு மாட்டக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் அவனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்டு, அவரிடம்தான் பேச வேண்டும். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எங்கே வைத்துப் பிடித்தார்கள் என்பதை ஒரு தாளில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு வீட்டில் ஒருவராவது ஸ்டேஷன் வாசலில் இருக்க வேண்டும். இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே ஆளை அனுப்பிவிடுங்கள்.

சரி, ஆளை அனுப்பியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன்.

நான் மூன்று ஆண்டுகள் ஒரு மாவட்டத்தின் குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினராக இருந்தேன். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். இந்த வழக்குகளில் வரும் குழந்தையின் பெயர், ஊர், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்களுக்கும் இதையே சொல்கிறேன். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பையனுடைய போட்டோவையோ வழக்குத் தாளையோ போடாதீர்கள்.

நான் அங்கே உட்கார்ந்த முதல் வாரத்தில் நடந்தது ஒன்று. பதினைந்து வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ஒரு கையால் கால்சட்டையை இடுப்பில் பிடித்தபடியே நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரும்போதும் கையை எடுக்கவில்லை. எங்கள் குழுமத்தின் மாஜிஸ்திரேட்டான தலைமை நடுவர் அவனிடம் முதலில் கேட்டது "சாப்பிட்டியாப்பா?" என்று. இரண்டாவதாகக் கேட்டது, "அரைஞாண் கயிறு எங்கே?" என்று. பையன் பேசவில்லை. கூட வந்த காவலரும் பேசவில்லை. லாக்கப்பில் அடைக்கும்போதுதான் அரைஞாண் கயிற்றையும் பெல்ட்டையும் கழற்றுவார்கள். அன்று காலையில்தான் பிடித்தோம் என்று தாளில் எழுதியிருந்தது. அப்புறம் விசாரித்ததில் முந்தின நாளுக்கு முந்தின இரவே பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. நடுவர் அதை அப்படியே பதிவு செய்து, காவல் கண்காணிப்பாளருக்கு அறிக்கை கேட்டு எழுதினார். பிடித்த நேரத்தை எழுதி வையுங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் அந்தக் கயிறுதான்.

குழுமம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போகிறவர்கள் சினிமாவில் பார்த்த கோர்ட்டை நினைத்துக்கொண்டு போவார்கள். அங்கே உயர்ந்த மேடை இருக்கக் கூடாது, சாட்சிக் கூண்டு இருக்கக் கூடாது, குழுமமே வழக்கமான நீதிமன்ற வளாகத்துக்குள்ளோ சிறை வளாகத்துக்குள்ளோ நடக்கக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. பெரும்பாலும், விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தை ஒட்டியே இருக்கும். சென்னையில் என்றால் கெல்லீஸில். ஒரு மேசை, மூன்று நாற்காலி. நடுவில் ஒரு மாஜிஸ்திரேட். அவரைத் தலைமை நடுவர் என்பார்கள். இருபுறமும் சமூகப் பணி உறுப்பினர்கள் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணி ஆகியவற்றில் ஏழு ஆண்டாவது வேலை செய்தவர்களோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்கிறவர்களோதான் இந்த இடத்துக்கு வர முடியும். மூன்று பேருக்கும் சம அதிகாரம். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை. பொதுமக்கள் வந்து வேடிக்கை பார்க்க முடியாது. "குற்றவாளி", "கைதி" போன்ற சொற்களைக் குழந்தையைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தக் கூடாது என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. "சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்" என்று எழுதுவோம். முதலில் எனக்கும் இது வாயில் நுழையாத சொல்லாகத்தான் இருந்தது. ஆனால் "அக்யூஸ்டு வந்தாச்சா?" என்று காவலர் வாசலில் கேட்கும்போது உள்ளே இருக்கும் பையனின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகு அந்த நீளமான சொல்லை நான் ஒருபோதும் சுருக்கவில்லை.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதில்லை. குழந்தைகளுக்கென்று தனி நீதிமன்றம் அமெரிக்காவின் சிகாகோவில் 1899-இல் வந்தது. இந்தியாவில் இதற்கென்று முதல் சட்டம் வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான், 1920-இல். பையன்களுக்கு 18 வயது என்பது மட்டும் பின்னால் வந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16, பெண் பிள்ளைகளுக்கு 18 என்று இருந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருவருக்கும் 18 ஆக்கியது.

இப்போது உங்கள் பையனின் வழக்குக்கு வருகிறேன். இதில் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ளவை சிறு குற்றம். அதற்கு மேல் உள்ளவை கடுமையான குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ என்று இருந்தால் கொடுங்குற்றம். "குறைந்தபட்சம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். செல்போன் பறிப்பு என்று மட்டும் போட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு; அதிகபட்சம் மூன்று ஆண்டு; ஆகவே சிறு குற்றம். வழிப்பறி என்று 309 போட்டால் பத்து ஆண்டு வரை போகலாம். இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் என்றால் பதினான்கு வரை. ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. ஆகவே கடுமையான குற்றத்தோடு நிற்கும். "கத்தியைக் காட்டி" என்ற இரண்டு சொல் உள்ளே வந்து 311-ஆம் பிரிவு சேர்ந்துவிட்டால் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு. பையன் கொடுங்குற்றப் பட்டியலுக்குப் போய்விடுவான். பதினாறு வயது நிரம்பியவன் என்பதால் அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வி அங்கேதான் எழும்.

அதே செல்போன், அதே பைக், அதே பையன். எஃப்.ஐ.ஆரில் ஒரு கத்தி இருக்கிறதா இல்லையா என்பதில் அவனுடைய அடுத்த சில ஆண்டுகள் தொங்குகின்றன. சாதாரணமாகக் குழந்தை மட்டும் சம்பந்தப்பட்ட சிறு வழக்கில் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும்போது எஃப்.ஐ.ஆர். வரும். உங்கள் வழக்கு அப்படிப்பட்டது. அதன் நகலை வாங்கி, எந்தப் பிரிவுகள் என்று வக்கீலிடம் முதல் நாளே காட்டுங்கள். கத்தி என்று இருந்தால், யார் கையில் இருந்தது, கைப்பற்றினார்களா என்று கேட்கச் சொல்லுங்கள்.

கூடப் போன அந்த இரண்டு பேர் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. பறிக்கும் கை எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையனின் கையாகவே இருக்கும். "நீ மைனர்டா, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். இந்த வாக்கியத்தை வெவ்வேறு ஊர்ப் பையன்கள் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு இதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. என் காலத்தில் இந்தப் பிரிவைப் போலீஸ் தானாகப் போட்டு நான் பார்த்ததில்லை. பையன் உண்மையிலேயே அப்படித்தான் இழுத்துப் போகப்பட்டான் என்றால் வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். அந்த இருவரின் வழக்கு வழக்கமான நீதிமன்றத்தில் நடக்கும், பையனுடையது குழுமத்தில் நடக்கும். இரண்டையும் சேர்த்து விசாரிக்க முடியாது.

வயதுக்கு ஆதாரம் தயாராக வைத்திருங்கள். பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. குற்றம் நடந்த தேதியில் என்ன வயது என்பதுதான் கணக்கு. வழக்கு முடிவதற்குள் பதினெட்டு தாண்டினாலும் அவன் குழுமத்துக்கு உரியவன்தான். போலீஸ் தாளில் பத்தொன்பது என்று எழுதிப் பெரியவர்களோடு சேர்த்து அனுப்பிவிட்டாலும் எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு வந்த பிறகும்கூட, "அப்போது நான் பதினெட்டுக்குள்" என்று முறையிடலாம்.

"ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்க." இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். "ஆமாம் சார், செஞ்சேன்" என்று சொன்னால் அறிவுரை சொல்லி அன்றே அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பு. சில நேரம் அப்படியே நடக்கவும் செய்யும். ஆனாலும் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லவிடாதீர்கள். அடுத்த முறை அந்த ஏரியாவில் எது காணாமல் போனாலும் முதலில் தட்டப்படும் கதவு உங்கள் அக்கா வீட்டுக் கதவாகிவிடும். செய்திருந்தால், செய்தது எவ்வளவோ அவ்வளவை மட்டும், வக்கீலிடம் பேசிய பிறகு சொல்லட்டும்.

வக்கீல் எதற்கு, எல்லோரும் அன்பாகத்தானே பேசுகிறார்கள் என்று தோன்றலாம். 1964-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசியதாகச் சொல்லி ஜெரால்ட் கால்ட் என்ற பதினைந்து வயதுப் பையனைப் பிடித்தார்கள். வக்கீல் கிடையாது. புகார் கொடுத்தவர் விசாரணைக்கு வரவே இல்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவு போட்டார் நீதிபதி. அதே பேச்சைப் பெரியவர் ஒருவர் பேசியிருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. 1967-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், குழந்தைகளுக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, தனக்கெதிராகப் பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு என்று சொன்னது. நம் சட்டம் இதில் இன்னும் ஒரு படி போகிறது. குழந்தையே "எனக்கு வேண்டாம்" என்று சொன்னாலும் அவனுடைய உரிமை எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தர வேண்டும். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் இரவிலேயே கூப்பிடலாம்.

நாளை முதல் நாள் அநேகமாக ஜாமீன் பற்றித்தான் பேச்சு இருக்கும். இங்கே பெரியவர்களின் கணக்கு செல்லாது. குற்றம் எதுவாக இருந்தாலும், ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பையனை விடுவதுதான் விதி. விட மறுக்க மூன்றே காரணங்கள். வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கு உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து வரும், நீதியின் நோக்கமே கெட்டுப்போகும். இதில் எது என்பதை எழுதித்தான் மறுக்க வேண்டும். உங்கள் பையன் விஷயத்தில் முதல் காரணத்தைச் சொல்ல இடம் இருக்கிறது. கூடப் போன அந்த இரண்டு பேரும் உங்கள் பையனும் ஒரே தெருவா? அப்படியானால் கொஞ்ச நாள் அவனை உங்கள் வீட்டிலோ வேறு ஊரில் பாட்டி வீட்டிலோ வைத்துக்கொள்வதாக நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு தாள் பல வக்கீல் வாதங்களைவிட அதிகம் வேலை செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா, அவரால் அவனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் மூன்று பேருக்கும் அன்றைக்கு முக்கியமான கேள்வி. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் போய்விட்டால் நிபந்தனையை மாற்றக் கேட்கலாம்.

ஜாமீன் இல்லையென்றால் கூர்நோக்கு இல்லம். ஜனங்கள் இன்னும் சீர்திருத்தப் பள்ளி என்றுதான் சொல்வார்கள். அங்கே எல்லாம் நன்றாக இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன், செங்கல்பட்டு இல்லத்துக்குப் போன இரண்டு மூன்று நாளில் இறந்து போனான். அடித்ததால் இறந்தான் என்று இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்து, மாநிலத்தின் இல்லங்களை எல்லாம் பார்வையிட வைத்தது. அந்தப் பையன் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் உங்கள் பையனுடையதைவிடப் பெரிதில்லை. குழுமம் மாதம் ஒரு முறையாவது இல்லத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் போகும்போது சமையலறையை முதலில் பார்ப்போம், பிறகு கழிப்பறையை. கடைசியில் பணியாளர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பையன்களோடு தரையில் உட்காருவோம். உங்கள் பையன் அங்கே போக நேர்ந்தால், பார்க்க அனுமதிக்கும் நாள் ஒன்றைக்கூட விடாதீர்கள். பார்க்க ஆள் வருகிற பையனை யாரும் எளிதில் தொடுவதில்லை.

அப்புறம் நன்னடத்தை அலுவலர். இவரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. உங்கள் வழக்கில் மிக முக்கியமான மனிதர் இவர்தான். பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை என்று ஒன்றைக் கொடுப்பார். வீட்டுக்கு வருவார். அக்கம்பக்கத்தில் கேட்பார். பள்ளிக்குப் போவார். என்ன செய்தான் என்பதைப் போலீஸ் தாள் சொல்லும். எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்பதை இந்த அறிக்கைதான் சொல்லும். தலைப்புகளை நிரப்பி "குடும்பச் சூழல் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்த அறிக்கைகளும் எங்களுக்கு வந்ததுண்டு; திருப்பி அனுப்புவோம்.

செப்புக் கம்பி திருடிய பையன் ஒருவனின் வீட்டுக்குப் போய்விட்டு வந்த அலுவலர், கட்டிலுக்கு அடியில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைப் பாலிதீன் பையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்ததை எழுதியிருந்தார். கூரை ஒழுகும் வீடு. அப்பா இறந்து ஒரு வருஷம். அம்மா விசைத்தறிக்குப் போகிறார். ஃபீஸ் பாக்கிக்காக ஒரு தனியார் பள்ளி டி.சி.யைக் கொடுக்காமல் வைத்திருந்தது. பையன் வேறு பள்ளியில் சேர முடியாமல் தெருவில் நின்ற எட்டாவது மாதம் இந்தத் திருட்டு. "படிப்பில் ஆர்வம் இல்லை" என்று போலீஸ் தாளில் இருந்தது. புத்தகக் கட்டைப் பற்றிய அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நாங்களும் அதை நம்பியிருப்போம். டி.சி.யை வரவழைத்து அரசுப் பள்ளியில் சேர்க்க உத்தரவு போட்டோம். அவன் பத்தாவது முடித்து, அதற்கு மேல் படிக்காமல் ஐ.டி.ஐ.க்குப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே அலுவலர் வரும்போது வீட்டில் இருங்கள். நல்ல குடும்பம் என்று காட்டுவதற்காக எதையும் மறைக்காதீர்கள். அப்பா குடிக்கிறார் என்றால் குடிக்கிறார் என்றே சொல்லுங்கள். பையன் கூல் லிப் புகையிலை, கஞ்சா என்று எதையாவது தொட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். போதை மீட்பு சிகிச்சைக்கு அனுப்பக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. தெரியாத நோய்க்கு யாரும் மருந்து எழுத முடியாது. பதினொன்றாம் வகுப்பில் ஏன் நின்றான் என்பதை நீங்கள் யாராவது அவனிடம் பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. கேளுங்கள். அதைத்தான் எல்லோரும் கேட்கப் போகிறார்கள்.

விசாரணையை முதல் நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கு அத்தோடு முடிந்துபோகும். குற்றம் செய்தான் என்று தெரிந்தால் என்ன உத்தரவு வரலாம்? அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம்; பெற்றோருக்கும் ஆலோசனை உண்டு. குழு ஆலோசனைக்கு வரச் சொல்லலாம். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவன் என்பதால் சமூக சேவை கொடுக்கலாம்: பூங்காப் பராமரிப்பு, முதியோருக்கு உதவி, மருத்துவமனை வேலை, போக்குவரத்துத் தன்னார்வலர் போன்றவை. அபராதம் போடலாம். பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் மூன்று ஆண்டு வரை விடலாம். இவை எதுவும் உதவாது என்றால்தான், உத்தரவுக்குப் பின் சிறாரை வைக்கும் சிறப்பு இல்லம், அதுவும் அதிகபட்சம் மூன்று ஆண்டு. இதோடு சேர்த்துப் பள்ளிக்குப் போ, தொழிற்பயிற்சியில் சேர், இந்த இடத்துக்குப் போகாதே என்றும் சொல்லலாம். முதல் தடவை, செல்போன் பறிப்பு, வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றால் இல்லத்துக்கு அனுப்புவது அரிது. உத்தரவு சரியில்லை என்று நினைத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கொடுங்குற்றம் என்று ஆகிவிட்டால் மட்டும் பாதை வேறு. 2012 டிசம்பரில் டெல்லி பேருந்தில் நடந்த கொடுமையில் ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. அவனுக்கு அன்றைய சட்டப்படி அதிகபட்சமான மூன்று ஆண்டு கிடைத்தது. 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்த அதே வாரத்தில் மாநிலங்களவை இப்போதைய சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, பதினாறு நிரம்பியவன் மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால் குழுமம் மூன்று மாதத்துக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தச் செயலைச் செய்ய அவனுக்கு மன, உடல் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழலில் செய்தான். இது குற்றம் செய்தானா என்ற விசாரணை இல்லை. குழுமத்தில் உளவியல் தெரிந்தவர் இல்லாதபோது நிபுணர் உதவியை வாங்கியே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவராக விசாரிக்கலாம் என்று முடிவானால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அந்த நீதிமன்றமும் தானாக யோசித்துத் தேவையில்லை என்று சொல்லலாம். தண்டனை வந்தாலும் 21 வயது வரை சிறையில் இல்லாமல், ‘பாதுகாப்பு இடம்’ என்று சட்டம் சொல்லும் தனி இடத்தில்தான் இருப்பான். தூக்கும், விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கொடுக்க முடியாது.

இந்தப் பிரிவு யாரைப் பிடிக்கிறது என்று மூன்று ஆண்டு பார்த்த பிறகு எனக்கு மன வருத்தம்தான். டெல்லியை நினைத்து எழுதிய வரியில், எங்கள் முன் வந்து நின்றவர்களில் பலர் பதினேழு வயதில் காதலித்து ஊரைவிட்டு ஓடியவர்கள். பெண்ணுக்குப் பதினாறோ பதினேழோ இருந்தால், அவள் விரும்பித்தான் போனேன் என்று சொன்னாலும் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், வரும். பாலியல் உறவு இருந்தால் குறைந்தபட்சம் பத்து ஆண்டு என்பதால் அது கொடுங்குற்றம். வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்ற பொருளில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு பக்கம் நிற்க, பையன் அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று எங்களிடம் கேட்ட நாளை நான் மறக்கவில்லை.

2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இரண்டு பேர் இறந்தபோது, காரை ஓட்டியதாகச் சொல்லப்பட்ட பதினேழு வயதுப் பையனுக்கு 300 சொல் கட்டுரை எழுதச் சொல்லி அன்றே ஜாமீன் கொடுத்தார்கள். நாடே கொதித்தது. "இதுதான் உங்கள் குழுமமா?" என்று என்னையும் பலர் கேட்டார்கள். ஜாமீன் கொடுத்ததில் தவறு இல்லை, அது சட்டம். ஒரே உறுப்பினர் உட்கார்ந்து, வீட்டு விசாரணை எதுவும் வருவதற்கு முன்பே, இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த நிபந்தனை எப்படிக் கேட்கும் என்று நினைக்காமல் எழுதியதுதான் தவறு. பிறகு கூச்சலுக்குப் பயந்து ஜாமீனை மாற்றிக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஜாமீன் கொடுத்துவிட்டு அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று ஜூன் மாதம் மும்பை உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது.

வேலை கேள்விக்கு வருகிறேன். குழுமம் முடித்து வைத்த வழக்கால் அவனுக்கு எந்தத் தகுதி இழப்பும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் பதிவுகளை அழிக்க வேண்டும். பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றம் நிரூபணமானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டால் முடிந்துபோன இந்த வழக்கைப் போலீஸ் வெளிப்படுத்தக் கூடாது. சிறு வயது வழக்கைக் காட்டி மத்தியப் படையில் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு ஆதரவாக 2019-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ போலீஸ் தேர்விலோ யாராவது இதைக் கிளப்பினால் சட்டத்தின் 24, 74 ஆகிய பிரிவுகளைச் சொல்லுங்கள்.

நாளை காலைக்கு: பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டி.சி., பிறப்புச் சான்றிதழ் மூன்றின் மூலமும் இரண்டிரண்டு நகலும். பாட்டி வீட்டில் வைத்துக்கொள்வதாக எழுதிய தாள், பாட்டியின் ஆதார் நகலோடு. பையனுக்கு ஒரு மாற்றுச் சட்டை, கால்சட்டை. அவன் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் அதன் சீட்டு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இரண்டு பேருமே வரட்டும். பையனைப் பார்த்ததும் அடிக்கவோ, எல்லார் முன்னாலும் திட்டவோ வேண்டாம். அவன் உடம்பில் காயம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் உள்ளே போனதும் குழுமத்திடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூப்பிட மதியம் ஆகலாம். நான்கு இட்லி கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள், அவனும் சாப்பிட்டிருக்க மாட்டான்.